உறுப்பு மாற்றுக்குப் பின் குழந்தைகளுக்கு வரும் இரத்தசோகை

நம் நாட்டில் இரத்தசோகை என்ற சொல்லைக் கேட்டவுடன் இரும்புச்சத்துக் குறைவு என்றே மனம் எண்ணுகிறது. இதில் வியப்பில்லை. 1970ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டம் முதல், 2018இல் தொடங்கிய 'சோகையற்ற பாரதம்' இயக்கம் வரை, அரசின் முயற்சிகள் யாவும் இரும்புச்சத்தையும் ஃபோலிக் அமிலத்தையும் மையமாகக் கொண்டே வகுக்கப்பட்டுள்ளன. 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் 59 மாதம் வரை வயதுடைய இந்தியக் குழந்தைகளுள் 67.1 சதவீதத்தினருக்குச் சோகை உண்டு. தமிழ்நாட்டில் இது 57.4 சதவீதம். பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் நிற்கும் கேரளத்திலும் 39.4 சதவீதம். இத்தகைய நாட்டில், வெளிறிய முகத்துடன் வரும் குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து எழுதித் தரும் மருத்துவரைக் குறை கூற இயலாது. பெரும்பாலான நேரங்களில் அவர் செய்வது சரியே.

ஆனால் இவ்வழக்கம் பொருந்தாத ஒரு சிறு கூட்டம் நம்மிடையே உருவாகி வருகிறது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்ற உறுப்புகளை மாற்று அறுவை வழியாகப் பெற்று உயிர் பிழைத்த குழந்தைகளே அவர்கள். இவர்களுக்குச் சோகை ஏற்படுமாயின் அதற்கு இரும்புக் குறைவு காரணமாக இருக்கலாம். உட்கொள்ளும் மருந்துகள் காரணமாக இருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத ஒரு வைரஸும் காரணமாக இருக்கலாம். வைரஸால் வரும் சோகைக்கு இரும்புச்சத்து மருந்தை எத்தனை மாதம் கொடுத்தாலும் பயன் விளையாது. இதனைக் கண்டறிய முதலில் வேண்டுவது விலையுயர்ந்த கருவி அன்று. சாதாரண இரத்தப் பரிசோதனை ஒன்றே. அச்சோதனையைக் கேட்க வேண்டும் என்ற நினைவு உரிய இடத்தில் உரியவருக்கு வருவதில்தான் குழந்தையின் நலன் அடங்கியுள்ளது.

கொச்சியும் மட்டாஞ்சேரியும்

இந்தியாவில் உறுப்பு மாற்று மருத்துவம் வேரூன்றிய வரலாற்றில் தென்னாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடைபெற்றது. குழந்தைகளுக்கான கல்லீரல் மாற்று அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே கைகூடியது. 1998 நவம்பரில் தில்லி அப்போலோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைபட்டிருந்த அக்குழந்தை வளர்ந்து பின்னர் தானே மருத்துவரானது பலரும் அறிந்த செய்தி.

கொச்சி நகரம் இத்துறையில் பின்னர் நுழைந்து விரைந்து முன்னேறியது. கேரளத்தின் முதல் இதய மாற்று 2003 மே மாதத்தில் எர்ணாகுளத்தில் நிகழ்ந்தது. நாட்டின் முதல் கை மாற்று 2015 ஜனவரியில் கொச்சி அமிர்தா மருத்துவமனையில் செய்யப்பட்டது. 2012இல் தொடங்கிய 'மிருதசஞ்சீவனி' திட்டம், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை மாநிலம் முழுவதும் ஒழுங்காகப் பங்கிட்டளிக்க வழி செய்தது. 2023 நவம்பரில் எர்ணாகுளம் பொது மருத்துவமனை சிறுநீரக மாற்று அறுவை செய்தது. மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனை ஒன்று இப்பணியை மேற்கொண்டது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. பெருமருத்துவமனைகளின் தனியுடைமையாக இருந்த சிகிச்சை மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையை எட்டிவிட்டது என்பதே இதன் சிறப்பு.

அறுவை முடிந்த குழந்தை எங்கே செல்கிறது? வீட்டிற்குத்தான். அந்த வீடு மட்டாஞ்சேரியில் இருப்பதாகக் கொள்வோம். போர்ச்சுகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையும், 1568இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடமும், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளும் மட்டாஞ்சேரியின் வெளிமுகம். உள்ளே சென்றால் சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள். கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், தமிழர் எனப் பல மொழி பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. அண்டையிலுள்ள வேளியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. பெருமருத்துவமனைக்குப் போகவேண்டுமாயின் காயலைப் படகிலோ பாலத்தின் வழியாகவோ கடந்து நகரின் மறுபுறம் செல்ல வேண்டும். மாதம் ஒருமுறையோ இருமுறையோ அப்பயணம் நிகழும். எஞ்சிய நாட்களில் காய்ச்சலோ சோர்வோ கண்டால் தாய் குழந்தையைத் தூக்கிச் செல்வது அருகிலுள்ள மருத்துவரிடம், அல்லது மட்டாஞ்சேரியிலுள்ள மகளிர்-குழந்தைகள் அரசு மருத்துவமனைக்கு. ஆகவே குழந்தையின் முகம் வெளிறுவதை முதலில் காண்பவர் மாற்று அறுவை நிபுணர் அல்லர். உள்ளூர் மருத்துவரும், செவிலியரும், ஆய்வுக்கூடப் பணியாளரும்தான். அங்கே மலையாளத்தில் சோகையை 'விளர்ச்ச' என்பர். வெளிறுதல் என்னும் பொருளில் 'விளர்த்தல்' என்ற சொல் தமிழிலும் பழமையானது. நோயின் பெயரே அதன் முதல் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது.

சிவப்பணுவின் கணக்கு

இந்நோயைப் புரிந்துகொள்ளச் சிறு கணக்கு ஒன்று போதும். இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. அதாவது ஒவ்வொரு நாளும் நூற்றிருபதில் ஒரு பங்கு அணுக்கள் மடிகின்றன. அதே அளவு புதிய அணுக்களை எலும்பு மஜ்ஜை உற்பத்தி செய்து அனுப்புகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை ஹீமோகுளோபின் அளவு மாறுவதில்லை.

இப்போது மஜ்ஜையின் உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 11 கிராம் உள்ள குழந்தைக்குப் பத்து நாட்களில் ஏறத்தாழ ஒரு கிராம் குறையும். பெற்றோர் அதை உணரவும் மாட்டார்கள். முப்பது நாட்கள் நின்றால் கால் பங்கு குறைந்து எட்டேகால் கிராமாகும். அறுபது நாட்கள் நீடித்தால் பாதி மறைந்து ஐந்தரை கிராம் எஞ்சும். அந்நிலையில் குழந்தைக்கு மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், விளையாட்டு நின்றுபோகும்.

மஜ்ஜையின் உற்பத்தியை இவ்வாறு நிறுத்தவல்லது பார்வோ வைரஸ் பி-19 என்னும் நச்சுயிர்க் கிருமி. இலத்தீன் மொழியில் 'பார்வஸ்' என்றால் சிறியது. பெயருக்கேற்பச் சுமார் 25 நானோமீட்டரே விட்டமுள்ள இது, மனிதரைத் தாக்கும் வைரஸ்களுள் மிகச் சிறியவற்றுள் ஒன்று. இதன் கண்டுபிடிப்பு தற்செயலானது. 1970களின் நடுவில் லண்டனில் இவான் கோசார்ட் என்ற பெண் விஞ்ஞானி, மஞ்சட்காமாலை வைரஸைக் கண்டறியும் பொருட்டு நன்கொடை இரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 'பி' வரிசையில் 19ஆம் மாதிரி எதிர்பாராத விளைவைக் காட்டியது. அதனுள் இருந்தது வேறொரு வைரஸ். மாதிரியின் வரிசை எண்ணே அதன் பெயராகிவிட்டது. அது என்ன நோயை உண்டாக்குகிறது என்பது அப்போது எவருக்கும் தெரியவில்லை.

விடை 1981இல் கிடைத்தது. அரிவாள் வடிவ அணுச்சோகை உள்ள குழந்தைகளுக்குத் திடீரென ஹீமோகுளோபின் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரும் நிலைக்குக் காரணம் இவ்வைரஸ் என்பது லண்டனிலும் ஜமைக்காவிலும் நடந்த ஆய்வுகளால் தெரியவந்தது. அக்குழந்தைகளின் சிவப்பணுக்கள் 120 நாட்கள் வாழ்வதில்லை. 10 முதல் 20 நாட்களில் அழிந்துவிடும். எனவே ஒரு வாரம் உற்பத்தி நின்றாலே அவர்களுக்குப் பேராபத்து. நமக்கும் இது தொலைதூரச் செய்தி அன்று. இந்தியாவில் அரிவாள் அணுச்சோகை முதன்முதலாக அறியப்பட்டது 1952இல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான். வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் இன்றும் இந்நோய் உண்டு.

1983இல் மற்றொரு தொடர்பு வெளிப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல் சிவந்த தடிப்பு தோன்றி, சில நாட்களில் மறையும் 'ஐந்தாம் நோய்' என்னும் எளிய காய்ச்சலுக்கும் இதே வைரஸ்தான் காரணம். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் இச்சிவப்பு எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே இந்நோய் இங்கு வந்துபோவதைப் பெரும்பாலோர் அறிவதே இல்லை.

ஏன் சிவப்பணுவை மட்டும்?

வைரஸ் ஓர் உயிரணுவினுள் நுழைய வேண்டுமாயின் அவ்வணுவின் மேற்பரப்பில் அதற்குப் பொருந்தும் பிடிமானம் ஒன்று இருக்க வேண்டும். பி-19க்குரிய பிடிமானம் 'பி' என்னும் இரத்தத் தொகுதியைச் சேர்ந்த பொருள் என்பதை 1993இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் நிறுவினர். 'பி' தொகுதியை லாண்ட்ஸ்டைனரும் லெவினும் 1927இலேயே கண்டறிந்திருந்தனர். அதற்கு இப்படியொரு முக்கியத்துவம் வரும் என அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். இப்பொருளே இல்லாமல் பிறக்கும் மிகச் சிலரை இவ்வைரஸ் தொற்றுவதில்லை என்பதும் அடுத்த ஆண்டு தெரியவந்தது.

மேலும், பார்வோ வைரஸ் தன் மரபுப்பொருளைத் தானே படியெடுக்கும் ஆற்றல் அற்றது. வேகமாகப் பிளந்து பெருகிக்கொண்டிருக்கும் அணுவின் இயந்திரத்தைக் கடன் வாங்கியே அது பெருக வேண்டும். மஜ்ஜையில் சிவப்பணுக்களாக உருவாகவிருக்கும் தாய் அணுக்கள் இதற்கு மிகவும் ஏற்ற இடம். அவற்றைப் பயன்படுத்திக்கொண்டு இறுதியில் அழித்துவிடுகிறது. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சிலருக்குச் சற்றுக் குறைவதுண்டு. முழு அடி விழுவது சிவப்பணுவின் மீதே.

சிறுநீரக மாற்றில் இதனால் ஒரு முரண்பாடு எழுகிறது. மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுவை உற்பத்தி செய்யவைக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் சுரப்பைச் சிறுநீரகமே தருகிறது. புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கியதும் மஜ்ஜை சுறுசுறுப்படைகிறது. தாய் அணுக்கள் பெருகுகின்றன. நலம் பெறுவதற்கான அந்த அறிகுறியே, வைரஸ் உள்ளிருக்குமாயின், அதற்கு விளைநிலத்தையும் விரிவாக்கிக் கொடுத்துவிடுகிறது. எரித்ரோபொயட்டின் ஊசி தொடர்ந்து போட்டும் ஹீமோகுளோபின் உயரவில்லையென்றால் வைரஸை நினைக்க வேண்டும் என்று நிபுணர்கள் கூறுவது இதனால்தான்.

உடல்நலமுள்ள ஒருவருக்கு இத்தொற்று ஏற்பட்டால் ஒரு வாரம், பத்து நாட்களில் எதிர்ப்பொருள் தோன்றி வைரஸை அடக்கிவிடும். மேலே கண்ட கணக்குப்படி அவருக்கு ஒரு கிராம் குறைந்து மீண்டுவிடும். ஆனால் மாற்றுறுப்பைப் பெற்ற குழந்தைக்கு, அவ்வுறுப்பை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபெனோலேட், ஸ்டீராய்டு முதலிய மருந்துகள் நாள்தோறும் தரப்படுகின்றன. உறுப்பைக் காக்கும் இம்மருந்துகள் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே அடக்குகின்றன. எதிர்ப்பொருள் தோன்றாமையால் வைரஸ் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மஜ்ஜையிலேயே தங்கிவிடுகிறது. பத்து நாள் தடை அறுபது நாள் தடையாக நீள்கிறது.

பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இதில் அபாயம் கூடுதல் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. இவ்வைரஸ் பள்ளிப் பருவத்தில் பரவுவது. பதினைந்து வயதிற்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது வந்துபோயிருக்கும். முதியோரில் பெரும்பாலோருக்கு எதிர்ப்பொருள் இருக்கும். நாற்பது வயதில் சிறுநீரகம் பெறுபவர் பெரும்பாலும் பழைய பாதுகாப்புடன் வருகிறார். இரண்டு வயதில் கல்லீரல் பெறும் குழந்தையோ இவ்வைரஸை முன்பின் அறியாத உடலுடன் வருகிறது. பின்னர் அக்குழந்தை வளர்ந்து பள்ளிக்குச் செல்லும்போதுதான் தொற்று மிகும் சூழலுக்குள் நுழைகிறது. மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான குடியிருப்பில் அண்ணனோ அக்காளோ பள்ளியிலிருந்து கொண்டுவந்தாலும் போதும். ஒரே வீட்டில் வாழ்வோருள் எதிர்ப்பாற்றல் இல்லாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது தொற்றிவிடுகிறது. இருமல், தும்மல் மட்டுமன்றி, நன்கொடை இரத்தம் வழியாகவும், சில நேரங்களில் பொருத்தப்பட்ட உறுப்பின் வழியாகவும் இது வரக்கூடும். நம் இரத்த வங்கிகளில் கட்டாயமாகச் சோதிக்கப்படும் ஐந்து நோய்களுள் இது சேரவில்லை. தடுப்பூசியும் இதுவரை புழக்கத்திற்கு வரவில்லை.

இதைக் கேட்டுப் பெற்றோர் அஞ்சிக் குழந்தையைப் பள்ளிக்கே அனுப்பாமல் விடுவது தேவையற்றது. தடிப்பு தோன்றும் முன்னரே தொற்றும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், தடிப்புள்ள பிள்ளையை விலக்கிவைப்பதால் பெரும்பயன் இல்லை. கை கழுவுதல் போன்ற பொதுவான எச்சரிக்கையுடன், அருகில் இருப்போருக்கு இத்தகைய காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் தெரிவிப்பதே செய்யத்தக்கது. மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்கே நீடித்த தொற்றுள்ள குழந்தையே பிறருக்கு வைரஸைப் பரப்பக்கூடுமாதலால், மாற்று அறுவைப் பிரிவில் அதனைத் தனியறையில் வைப்பர்.

கண்டறியும் வழி

உறுப்பு மாற்றுக்குப் பின் பெரும்பாலான நோயாளிகளுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் இத்தொற்று வெளிப்படுகிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் 2006இல், உலக மருத்துவ இதழ்களில் அதுவரை வெளிவந்த 98 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். ஏறத்தாழ எல்லோருக்கும் சோகை இருந்தது. ஆனால் புதிய தொற்றைக் காட்டும் 'ஐஜிஎம்' எதிர்ப்பொருள் பத்தில் மூவருக்குத் தென்படவே இல்லை. இது மிகவும் கருதத்தக்கது. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை, எதிர்ப்பொருளை உண்டாக்க இயலாதவரிடம் பொய்யான ஆறுதலைத் தந்துவிடும். வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் பி.சி.ஆர். சோதனைதான் இவர்களுக்கு நம்பத்தகுந்தது.

அந்தச் சோதனைக்குச் செல்வதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளிவரும் இளஞ்சிவப்பணுவிற்கு ரெட்டிகுலோசைட் என்று பெயர். சாதாரணமாக நூறு சிவப்பணுக்களுக்கு ஒன்றோ இரண்டோ இவ்வகையாக இருக்கும். நீலச்சாயம் சேர்த்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவி, நுண்ணோக்கியின் கீழ் எண்ணினால் போதும். வட்ட மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்திலேயே இதைச் செய்யலாம். இரத்தப்போக்காலோ அணுச்சிதைவாலோ சோகை வந்தால் மஜ்ஜை ஈடுசெய்ய முயலும், இவ்வெண் உயரும். பி-19 தாக்கியிருந்தால் இவ்வெண் ஒன்றுக்கும் கீழே இறங்கி, சுழியை நெருங்கும். இரும்புக் குறைவில் சிவப்பணு சிறுத்து வெளிறிக் காணப்படும். இங்கோ அணுக்கள் இயல்பான அளவிலேயே இருக்கும், எண்ணிக்கை மட்டும் குறையும்.

கொச்சிக்கு இரத்தச் சில்லும் நுண்ணோக்கியும் புதியவை அல்ல. யானைக்கால் நோய் மிகுந்திருந்த இக்கடலோரப் பகுதியில், அந்நோயின் நுண்புழு இரவில் மட்டுமே மேல்தோல் இரத்தத்தில் உலவும் என்பதால், சுகாதாரப் பணியாளர்கள் இரவுநேரத்தில் வீடுவீடாகச் சென்று விரலில் குத்தி இரத்தம் எடுத்து வந்தனர். அத்தகைய பயிற்சி மரபுள்ள ஊரில் ரெட்டிகுலோசைட்டை எண்ணுவது பெரிய காரியம் அன்று. எனினும் இன்று பல ஆய்வுக்கூடங்களில் தானியங்கிக் கருவி அச்சிட்டுத் தரும் அணுக்கணக்கோடு நின்றுவிடுகின்றனர். ரெட்டிகுலோசைட்டைத் தனியாகக் கேட்டு எழுதாவிட்டால் அது அத்தாளில் வருவதில்லை.

பி.சி.ஆர். பற்றியும் ஒரு சொல். கோழிக்கோட்டில் 2018இலும் எர்ணாகுளத்தில் 2019இலும் நிபா நோய் தலைகாட்டியது. 2020இல் கொரோனா பரவியது. இவற்றின் விளைவாகக் கேரளத்தின் அரசு ஆய்வுக்கூடங்களில் பி.சி.ஆர். கருவிகளும் பயிற்சி பெற்றோரும் பெருகினர். தேசிய நச்சுயிரியல் நிறுவனத்தின் கேரளப் பிரிவு கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழையில் உள்ளது. கொள்ளைநோய்க் காலத்தில் வாங்கிய கருவிகளை இத்தகைய அரிய, ஆனால் உயிர்காக்கும் சோதனைகளுக்கும் பயன்படுத்துவது குறித்துச் சுகாதாரத் துறையினர் சிந்திக்கலாம். கருவி இருக்கிறது, வேண்டுவது சோதனைப் பொருள்களும், மாதிரியை அனுப்புவதற்கான முறையான ஏற்பாடுமே.

சிகிச்சையும் அதன் சிக்கல்களும்

ஹீமோகுளோபின் மிகவும் சரிந்த நிலையில் இரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆயினும் அது கால அவகாசம் பெறும் வழியேயன்றி நோய் தீர்க்கும் வழி அன்று. ஏற்றிய அணுக்களும் தம் ஆயுள் முடிந்து மடியும். மஜ்ஜை வெறுமையாகவே இருக்கும். அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் உடலில் இரும்பு தேங்குகிறது. அத்துடன் இரும்புச்சத்து மருந்தும் தொடருமாயின் சுமை இரட்டிப்பாகும். பிறர் அணுக்களுக்கு எதிரான பொருள்கள் உருவாகி, பிற்காலத்தில் மற்றொரு சிறுநீரகம் தேவைப்பட்டால் பொருத்தமானது கிடைப்பதும் அரிதாகும்.

உண்மையான சிகிச்சை இரு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளின் அளவைக் குறைத்தல். சிலருக்கு டாக்ரோலிமஸுக்குப் பதிலாக சைக்ளோஸ்போரின் தருவர். இது கத்திமுனையில் நடப்பதைப் போன்றது. மிகுதியாகக் குறைத்தால் உடல் மாற்றுறுப்பை ஒதுக்கத் தொடங்கிவிடும். ஆகவே இம்முடிவை மாற்று அறுவைக் குழுவினரே எடுக்க வேண்டும். உள்ளூர் மருத்துவரோ பெற்றோரோ தாமாக மருந்தை நிறுத்துதல் கூடாது.

இரண்டாவது, சிரைவழி இம்யூனோகுளோபுலின். ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அளித்த இரத்தத் திரவத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும் எதிர்ப்பொருள் தொகுப்பு இது. வளர்ந்தோரில் பெரும்பாலோருக்கு என்றோ ஒருநாள் பி-19 வந்துபோயிருப்பதால், அத்தொகுப்பில் அவ்வைரஸுக்கு எதிரான பொருள் எப்போதும் இருக்கும். தனக்கென எதிர்ப்பொருள் செய்ய இயலாத குழந்தைக்கு, முகமறியாத ஆயிரம் பேரின் பழைய காய்ச்சல் கைகொடுக்கிறது. பத்தாண்டுகளாகச் சிவப்பணு உற்பத்தியின்றி இருந்த ஒருவர் இம்முறையால் குணமடைந்த செய்தியை நீல் யங் முதலியோர் 1989இல் வெளியிட்டதிலிருந்து இது உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. வழக்கமான அளவு, எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் இரண்டு கிராம். இதைச் சில நாட்களுக்குப் பகிர்ந்து கொடுப்பர். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 30 கிராம் வேண்டும். ஐந்து கிராம் புட்டிகளாயின் ஆறு. ஒருசில வாரங்களில் ரெட்டிகுலோசைட் எண் உயரத் தொடங்கினால் மருந்து பலித்தது என அறியலாம். ஆனால் பலருக்கு நோய் மீண்டும் திரும்புகிறது. மறுபடியும் அதே மருந்து, அதே செலவு.

இம்மருந்தின் விலை உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தின் தாங்குதிறனுக்கு அப்பாற்பட்டது. மாற்று அறுவைக்காக நகையையும் வீட்டையும் இழந்த குடும்பம் இரண்டாம் முறை கடன் வாங்க எங்கே செல்லும்? அறுவைக்கு நிதி ஒதுக்கும் காப்பீட்டுத் திட்டங்கள், அறுவைக்குப் பிந்தைய முதலாண்டில் வரும் தொற்றுகளுக்கான செலவையும் அறுவையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பல இலட்சம் செலவிட்டுப் பொருத்திய உறுப்பை, ஆறு புட்டி மருந்துக்கு வழியின்றி ஆபத்தில் விடுவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

பிற காரணங்கள்

எல்லாச் சோகையையும் பி-19இன் தலையில் சுமத்துவதும் தவறாகும். சைட்டோமெகலோ வைரஸ் மஜ்ஜையை நலிவிக்கும். அதற்குத் தரப்படும் வால்கான்சிக்ளோவிர் மருந்தும் அணுக்களைக் குறைக்கும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நிணநீர் அணுக்களைக் கட்டுப்பாடின்றிப் பெருகச் செய்து, அதன் விளைவாகவும் சோகை வரும். மைக்கோபெனோலேட், அசாதயோபிரின், கோ-டிரைமாக்சசோல் ஆகியன மஜ்ஜையை அடக்கும். உறுப்பு தந்தவரின் இரத்தப் பிரிவு வேறாயிருந்தால் சில வாரங்களுக்கு அணுச்சிதைவு நேரலாம். இவை யாவற்றுக்கும் மேலாக, நம் குழந்தைகளுக்கு இரும்புக் குறைவும் கொக்கிப்புழுவும் இருக்கவே இருக்கின்றன. ஒரே குழந்தைக்கு இரண்டு காரணங்கள் இணைந்திருப்பதும் உண்டு. ரெட்டிகுலோசைட் எண் இவற்றிடையே முதல் பிரிகோட்டை வரைந்து கொடுக்கிறது.

மட்டாஞ்சேரிக் குழந்தையிடம் மீண்டும் வருவோம். அதன் கையில் பெருமருத்துவமனை தந்த தொடர்சிகிச்சைக் குறிப்பேடு இருக்கும். அதில் மருந்தின் அளவு, ஈரல் அல்லது சிறுநீரகத்தின் செயற்பாட்டு எண்கள், ஹீமோகுளோபின் ஆகியன எழுதப்பட்டிருக்கும். ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் ரெட்டிகுலோசைட்டிற்கும் ஒரு கட்டம் அச்சிடப்படுமாயின், உள்ளூர் ஆய்வுக்கூடத்தார் அதை நிரப்பாமல் விடமாட்டார்கள். முதல் மூன்று மாதங்களுக்கு இரு வாரத்திற்கொருமுறையும், பின்னர் ஓராண்டு வரை மாதந்தோறும் அவ்விரு எண்களையும் குறித்துவந்தால், ஹீமோகுளோபின் ஒரு கிராம் இறங்கும்போதே இரண்டாம் எண் சுழியை நோக்கிச் செல்வது கண்ணில் படும். அன்றே காயலின் மறுகரைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லலாம். ஐந்தரை கிராம் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.